பழுப்புத் தண்ணீர்

அண்ணன் வீட்டு மீன்தொட்டியை வெளிச்சத்தில் பார்த்ததும் அவனுக்கு முகம் சுளித்தது. பால் ஊற்றாத தேநீர் போலத் தண்ணீர். அடியில் கறுத்துப்போன பாதாம் இலைகள். நடுவில் ஊறிக் கிடக்கும் மரக்கட்டை. அந்தப் பழுப்புக்குள் தட்டைப் போல வட்டமாக, உள்ளங்கை அகலத்தில், ஓர் ஆணும் ஒரு பெண்ணுமாக இரண்டு டிஸ்கஸ் மீன்கள் அசையாமல் நின்றன.

பதினெட்டு வருஷமாக நீச்சல் குளம் பராமரிப்பவன் அவன். குளத்தின் அடியில் விழுந்த காதணித் திருகு கரையிலிருந்தே தெரிந்தால்தான் அவனுக்கு அது தண்ணீர். சட்டையிலும் தலைமுடியிலும் மருந்து வாடை போகாது. அண்ணன் அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு வருஷக்கணக்காகிறது. "குளோரின்" என்றுதான் கூப்பிடுவார்.

அண்ணனை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டுச் சாவியைக் கொடுத்தபோது அண்ணி சொன்னது இவ்வளவுதான்: "டாக்டர் என்ன சொன்னாருன்னு உங்க அண்ணன் ஒரு வார்த்தை கேக்கல, தம்பி. மீனுக்கு யார் சாப்பாடு போடுவான்னுதான் கேக்கறார். அடுத்த வாரம் ஆபரேஷன். அது முடியற வரைக்கும் ரெண்டும் நல்லா இருக்கணும். வேற எதையும் நான் உங்ககிட்ட கேக்கல."

கட்டைவிரல் நகம் அளவில் வாங்கி நாலு வருஷம் வளர்த்த மீன்கள். அண்ணனுக்குப் பிள்ளைகள் இல்லை என்பதை யாரும் அந்தத் தொட்டியோடு சேர்த்துப் பேசுவதில்லை. ஆனால் அதன் முன்னால் நிற்கும் எல்லோருக்கும் அந்த நினைப்பு வந்துவிடும்.

அண்ணனுக்கு ஏதாவது செய்ய வேண்டும் போலிருந்தது. செய்யத் தெரிந்ததைச் செய்தான். மீன்களை வாளிக்கு மாற்றி, இலைகளை அள்ளிக் கொட்டி, கட்டையைத் தேய்த்து வேறொரு வாளியில் போட்டு, கண்ணாடியைத் துடைத்து, தொட்டி நிறையக் குழாய்த் தண்ணீரைப் பிடித்தான். குளோரினை முறிக்கும் சொட்டு மருந்தை மறக்கவில்லை. அந்த விஷயம் அவனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மாலைக்குள் தொட்டி பளிங்கு மாதிரி ஆகிவிட்டது. மீன்கள் மட்டும் நிறம் கறுத்து மூலையில் ஒடுங்கின.

அப்போதுதான் கண்ணாடியின் பக்கவாட்டில் அண்ணன் ஒட்டியிருந்த துண்டுச் சீட்டைப் பார்த்தான். 'பி.எச். 6.5'. அலமாரியிலிருந்த சோதனைக் குப்பியில் தண்ணீர் எடுத்து மூன்று சொட்டு விட்டான். நீலம். அட்டையோடு ஒப்பிட்டால் ஏழரைக்கு மேல். இந்த மீன்களுக்கு வேண்டியது புளிப்புப் பக்கம் சாய்ந்த மென்மையான தண்ணீர் என்பது அவனுக்குத் தெரியும். இறக்க வேண்டும், அவ்வளவுதானே. தினமும் செய்கிற வேலை.

குளத்தில் அதற்கு ஒரு முறை உண்டு. மாலையில் ஆசிட் ஊற்று, காலையில் பார், ஏறியிருந்தால் மறுபடி ஊற்று. குளத்து மருந்து அறையிலிருந்து ஒரு சின்னப் புட்டியில் ஆசிட் கொண்டுவந்து, ஒரு குவளைத் தண்ணீரில் கலந்து ஊற்றினான். அரை மணியில் குப்பி இளம்பச்சைக்கு வந்தது. ஆறரை. மறுநாள் காலையில் மறுபடி நீலம். மாலையில் அதே அளவு ஊற்றினான், அதே பச்சை. காலையில் நீலம். நாலு நாள் இப்படியே போயிற்று. ஐந்தாம் மாலை பழகிய கை தானே ஊற்றியது. சோதிக்கவில்லை.

ஆறாம் நாள் காலை ஆண்மீன் தொட்டியின் அடியில் பக்கவாட்டில் கிடந்தது. கண் மேல் வெண்படலம். பெண்மீன் மேல்மட்டத்தில் வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தது. குப்பியில் தண்ணீர் எடுத்தான். மஞ்சள். அட்டையில் கடைசி நிறம் அதுதான். அதற்குக் கீழே எவ்வளவு என்று அந்த அட்டைக்கே தெரியாது.

அண்ணிக்குப் போன் செய்தான். அண்ணன்தான் எடுத்தார்.

"என்னடா குளோரின், காலங்காத்தால?"

"அண்ணா... தண்ணி மஞ்சளா காட்டுது."

"மஞ்சளா? எப்படி அவ்ளோ இறங்கிச்சு? என்ன பண்ணித் தொலைச்ச?"

கழுவியதைச் சொன்னான். ஆசிட்டைச் சொன்னான். அந்தப் பக்கம் மூச்சு இரைத்தது.

"அட வீணாப்போனவனே, எம் மீனுக்கு நீச்சல் கத்துக்கொடுக்கப் போறியா? உன் குளத்துல குளிக்கிறவன் ஒரு மணி நேரத்துல ஏறிப் போயிடுவான்டா. இது அதுலயே மூச்சு விடணும்."

"அளவாதான் ஊத்தினேன், அண்ணா. தினமும் திரும்ப ஏறிச்சு..."

"ஏறும். குழாய்த் தண்ணியில சுண்ணாம்புச் சத்து இருக்கு. நீ ஊத்தற ஆசிட்ட அது தின்னுக்கிட்டே இருக்கும். அது தீந்து போற அன்னிக்கு, அதே அளவு கீழ தள்ளிடும்."

குளத்தில் வாரம் ஒரு முறை ஒரு மூட்டை சோடா மாவு கொட்டுவார்கள். ஏன் என்று பதினெட்டு வருஷத்தில் அவன் ஒருமுறைகூடக் கேட்டதில்லை.

"இப்ப கொஞ்சம் சோடா போடட்டுமா?"

"போட்டா இருக்கறதும் போயிடும்! இறக்கினாலும் ஏத்தினாலும் மெதுவா. ஒரு வாளி குழாய்த் தண்ணில குளோரின் முறிக்கிற மருந்தை விட்டு, மெல்லிசு டியூப்ல சொட்டு சொட்டா விடு. வாளி காலியாக அரை நாள் ஆகணும். ரெண்டு நாள் அப்படி. அப்புறம் மொட்டை மாடியில நீல டிரம்ல மழைத்தண்ணி புடிச்சு வெச்சிருக்கேன். தினம் தொட்டியிலேர்ந்து ஒரு குடம் எடுத்துட்டு அதை ஒரு குடம் விடு. கட்டையை உள்ள போடு. டப்பால பாதாம் இலை இருக்கு, நாலு போடு. அது தானா இறங்கும். நீ நம்பரைத் துரத்தாதே."

"சரிண்ணா."

"ரெண்டும் எப்படிடா இருக்கு?"

ஈரச் செய்தித்தாளில் சுற்றிய ஆண்மீன் அவன் இடது கையில் இருந்தது. அதன் கனம் அவனுக்கு நன்றாகத் தெரிந்தது.

"இருக்கு, அண்ணா. கட்டைக்குப் பின்னால நிக்குது."

சொன்ன பிறகுதான் கட்டை வெளியே வாளியில் கிடப்பது நினைவுக்கு வந்தது. அண்ணன் "சரி, வேலையைப் பாரு" என்று வைத்துவிட்டார்.

மறுநாளைக்கு மறுநாள் ஆபரேஷன் நடந்தது. முடிந்தது என்றார்கள், நல்லபடியாக முடிந்தது என்று யாரும் சொல்லவில்லை. அண்ணனின் தொண்டையில் குழாய், இரு கையிலும் ஊசி. அவன் தினமும் வேலை முடிந்ததும் ஆஸ்பத்திரி வராந்தாவில் அண்ணியோடு சற்று நேரம் உட்கார்ந்துவிட்டு, பிறகு அண்ணன் வீட்டுக்குப் போனான். ஆண்மீன் போனதை அண்ணியிடம் மட்டும் சொல்லியிருந்தான். ஒரு குடம் எடுத்தான், ஒரு குடம் விட்டான். தண்ணீர் மெல்லப் பழுப்பேறியது. குழாய்த் தண்ணீர் சொட்டிய இரண்டு நாளில் மஞ்சள் நீலத்துக்கு ஏறியிருந்தது. அது பச்சையாக ஒன்பது நாள் பிடித்தது. பெண்மீன் தப்பிவிட்டது. ஆனால் இரையைத் தேடி வருவதில்லை. ஆண்மீன் நின்ற பக்கமே திரும்பி நின்றது. கையால் மூக்கருகே கொண்டுபோனால் ஒன்றிரண்டு துணுக்கு தின்னும்.

ஆபரேஷன் முடிந்த பத்தாம் நாள் அவனுக்கு விடுப்பு. மதியம் தொட்டியருகே இருந்தபோது அண்ணியின் வீடியோ அழைப்பு வந்தது.

"முழிச்சிருக்கார், தம்பி. பேச முடியாது. சைகையில மீனைத்தான் கேக்கறார். கொஞ்சம் காட்டுங்க. நல்லதா காட்டுங்க."

கடைசி வார்த்தையை அண்ணி குரலைத் தாழ்த்திச் சொன்னாள்.

அவன் போனைத் தொட்டியின் பக்கம் திருப்பினான். பழுப்புத் தண்ணீர், கட்டை, இலைகள், பச்சை காட்டும் குப்பி. எல்லாம் அண்ணன் விட்டுப்போனபடியே இருந்தன. பெண்மீன் இலைகளின் மேல் நின்றது. திரையில் அண்ணனின் முகம் இளைத்து, யாரோ போலிருந்தது. கண்கள் மட்டும் தொட்டியின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நகர்ந்தன. திரும்பி வந்தன. மறுபடி போயின.

பிறகு ஊசி குத்தியிருந்த கையைப் போர்வைக்கு மேல் தூக்கி, ஒரு விரலைக் காட்டினார்.

கட்டைக்குப் பின்னால் என்று இன்னொரு முறை சொல்ல முடிந்திருக்கும். அண்ணி அதைத்தான் கேட்டிருந்தாள்.

"ஆமாண்ணா," என்றான். "ஒண்ணுதான். அன்னிக்கே போயிடுச்சு. நான்தான் கொன்னுட்டேன்."

"தம்பி!" என்றாள் அண்ணி.

அண்ணனின் விரல் சற்று நேரம் அப்படியே நின்றது. பிறகு இறங்கிப் போர்வையில் படிந்தது. கண்களை மூடிக்கொண்டார். தூக்கமா, கோபமா, வேறெதுவுமா, ஒன்றும் தெரியவில்லை. படம் ஆடி, ஆஸ்பத்திரிக் கூரையைக் காட்டி, அணைந்தது.

அவன் போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு மொட்டை மாடிக்குப் போனான். நீல டிரம்மில் மூன்று குடத்துக்குத்தான் தண்ணீர் இருந்தது. மேலே வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை. ஒரு குடம் மொண்டுகொண்டு, சிந்தாமல், ஒவ்வொரு படியாக இறங்கினான்.