ரோஸிக்கு இறால் வேண்டாம்

அமெரிக்க ஆஸ்பத்திரிகளின் நோயாளிக் குறிப்புகளைப் படித்து, நோய்க்கு நோய் அதற்கான கோட் நம்பரைப் போடுவது என் பிழைப்பு. மூளையில் ரத்தக் கசிவு வந்து பேச்சு தடுமாறிப்போனால் அதற்குப் பெயர் அஃபேசியா. அதற்கென்று தனிக் கோட் உண்டு. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். எங்கள் தொழிலில் முதல் சட்டம், டாக்டர் எழுதாததைக் கோடர் எழுதக் கூடாது. ஊகத்துக்குக் கோட் கிடையாது.

அந்தச் சட்டத்தை வீட்டில் நானே மீறினேன். என் கணவர் ஜெபகுமார் ரத்தக் கசிவிலிருந்து பிழைத்து சேலையூர் வீட்டுக்குத் திரும்பியபோது, டாக்டர் எழுதியிருந்தது அஃபேசியா மட்டும்தான். ஆனால் வாய் திறந்து அவர் என்னைக் கூப்பிட்ட பெயர் ரோஸி. ரோஸி என் நாத்தனார். தட்டில் இறாலைப் பார்த்தால் பக்கத்தில் இருப்பவரை மறந்துவிடும் ரகம். சத்யா என்ற என் பெயர் ஒரு தடவைகூட வரவில்லை. காபி கேட்டாலும் ரோஸி, கோபித்துக்கொண்டாலும் ரோஸி. மனுஷனுக்கு என்னையே நினைவில்லை என்று நானாக முடிவுகட்டி, மனசுக்குள் ஞாபக மறதிக்கும் ஒரு கோட் போட்டுவிட்டேன். டாக்டரிடம் கேட்கவும் பயம். ஆமாம் என்று சொல்லிவிட்டால் என்ன செய்வேன்?

ஞாயிற்றுக்கிழமை ராஜகீழ்ப்பாக்கத்தில் மீன் வாங்க அவரையும் கூட்டிப் போனேன். கோவளத்திலிருந்து மீன் கொண்டுவந்து விற்கும் முத்தாலம்மாள் எங்களைப் பார்த்ததும் தட்டை நீட்டினாள்.

"எறா ஃப்ரெஷ்ஷா கீது சார். அரை கிலோ போடவா?"

நான் வாயெடுப்பதற்குள் அவர் தட்டைத் தள்ளினார். என்னைக் காட்டினார். தன் கழுத்தைப் பிடித்து, கன்னத்தை உப்பிக் காட்டினார்.

"ரோஸிக்கு... வேணாம். ரோஸிக்கு எறா வேணாம்."

கல்யாணமான புதிதில் ஒரு வாய் இறால் தொக்கு தின்று என் முகம் பூரியாக உப்பி, மூச்சு முட்டியது. பைக்கில் உட்காரவைத்து ஆஸ்பத்திரிக்குப் பறந்தவர் இவர்தான்.

அப்படியென்றால் இவருக்கு என்னைத் தெரிகிறது. பெயர்தான் வரவில்லை. எத்தனை நாள் பாரம், அப்படியே இறங்கியது. மீன் கடையில் நின்று அழுகிறோமே என்று வெட்கமாகவும் இருந்தது.

முத்தாலம்மாளுக்கு ஒன்றும் புரியவில்லை. "ரோஸின்றது யாரு, அக்கா?"

"நான்தான்," என்றேன். "வஞ்சிரம் போடுங்க."