தேர் திரும்பாத தெரு

"மாலைய இங்க குடு. சாயங்காலம் தேரு வாரப்ப நானே மூலையில குடுத்துடறேன்" என்று தோமினிக் மறுபடியும் கை நீட்டினான்.

அன்னாள் கொடுக்கவில்லை. ஈரத்துணி சுற்றிய மாலையைத் தாம்பாளத்தோடு மடியில் வைத்துக்கொண்டு வாசற்படியை அடைத்து உட்கார்ந்திருந்தாள். லாட்ஜ் வேலைக்குக் கிளம்பியவன் நகர முடியாமல் நின்றான். அவனுக்குப் பயம். திருவிழா நாளில் பெண்டாட்டி வாயைத் திறந்தால் முதலில் போவது தன் வேலைதான் என்று அவனுக்குத் தெரியும்.

"மூலைக்கு வேண்டாமுங்க" என்றாள் அன்னாள். "நான் நேந்துக்கிட்டது எங்க ஊட்டு வாசல்ல போடறதுக்கு."

மகள் அக்சிலியா சின்ன வயதில் மூளைக்காய்ச்சலில் கிடந்தபோது நேர்ந்துகொண்டது அது. பிள்ளை பிழைத்தால், அந்தோணியார் தேர் தன் வாசலில் நிற்கும்போது தன் கையால் மாலை போடுவதாக வேண்டியிருந்தாள். பிள்ளை பிழைத்து, வளர்ந்து, இப்போது சேலத்தில் காலேஜில் படிக்கிறாள். தேர்தான் இன்னும் வாசலுக்கு வரவில்லை.

ஏற்காட்டு மலையடிவாரத்தில் இருக்கும் கல்லாத்துப்பட்டியில், தேர் பெரிய தெருவின் ஒவ்வொரு வாசலிலும் நின்று நிதானமாக வரும். காலனித் தெரு மூலைக்கு வந்ததும் அதற்கு எங்கிருந்தோ அவசரம் வந்துவிடும். காலனிக்காரர்கள் அந்த மூலையில் காத்து நின்று மாலையையும் மெழுகுவத்தியையும் கொடுக்க வேண்டும். போன வருசம் அன்னாள் கொடுத்த மாலை அந்தோணியார் கழுத்துக்குப் போகவில்லை. பின்னால் வந்த ஜெனரேட்டர் வண்டியில் தொங்கிக்கொண்டு போனது. அன்றைக்கு அவள் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

கோயிலுக்குள் எல்லோரும் ஒரே வரிசையில் நின்றுதான் நன்மை அப்பம் வாங்குகிறார்கள். ஊரே ஞானஸ்நானம் வாங்கிய பிறகும் சாதி மட்டும் அந்தத் தண்ணீர் படாமல் தப்பித்துக்கொண்டது.

ஆனால் காரணம் கேட்டால் யாரும் சாதி என்று சொல்ல மாட்டார்கள். திருவிழாக் கமிட்டித் தலைவர் மரியசூசைதான் தோமினிக்கின் லாட்ஜ் முதலாளியும். இந்த வருசக் கூட்டத்தில் அன்னாள் எழுந்து கேட்டபோது, தெரு குறுகல், தேர் திரும்பாது, கரண்ட் கம்பி வேறு தாழத் தொங்குகிறது என்று தேன் தடவிய மாதிரி சொன்னார். புதிதாக வந்திருந்த ஃபாதர் மேசை விரிப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மரியசூசை ஊர் நிலைமையை எடுத்து வைத்தார். மழை பொய்த்துக் காடு கழனி காய்கிறது. மலைக்குப் போகிறவர்கள் இங்கே வண்டியை நிறுத்துவதே இந்தத் தேருக்காகத்தான். லாட்ஜ், ஓட்டல், ஆட்டோ, பூக்கடை எல்லாம் இந்தத் திருவிழாவை நம்பித்தான் வருசத்தை ஓட்டுகின்றன. வெளியூரெல்லாம் போஸ்டர் ஒட்டியிருக்கிற சமயத்தில் சண்டை போட்டு ஊர் பேரைக் கெடுக்கலாமா என்று கேட்டார்.

அதில் பொய் இல்லை. அன்னாளும் தட்டுவடை செட் விற்கும் பலகாரக் கடை போடுகிறவள்தான். திருவிழா வாரத்தில்தான் அவள் கடையில் கூட்டம் நிற்கும். ஊர் பிழைக்கட்டும் என்று உட்கார்ந்துவிட்டாள்.

அடுத்த வாரமே ஆட்கள் வந்து காலனித் தெருவின் கம்பிகளை உயர்த்திக் கட்டினார்கள். தேர் வரப்போகிறது என்று குழந்தைகள் குதித்தன. அன்னாளும் நம்பினாள். ஆனால் அது தேருக்கு இல்லை. காலனிக்குப் பின்னால் இருந்த மைதானத்தில் வெளியூர் பஸ்களை நிறுத்துவதற்கு. கொடியேற்றத்தன்று வந்த பெரிய பஸ் ஒன்று அந்தத் தெருவில் திரும்பி, எங்கும் உரசாமல் அவள் வாசலைக் கடந்து போனது. தேரைவிட அது அகலம், உயரமும்கூட. இத்தனை வருசம் இந்தப் பேச்சை நம்பினோமே என்று அன்னாளுக்குத் தன் மேலேயே ஆத்திரம் வந்தது.

அன்றிலிருந்து அவள் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. தேரன்று காலையில் மாலைக்காகக் கை நீட்டிப் பார்த்த தோமினிக்கும் சலித்துப்போய் வெறுங்கையோடு லாட்ஜுக்குப் போனான்.

சாயங்காலம் வெளியூர் பஸ்கள் வரிசையாக வந்து காலனிக்குள் திரும்ப முயன்றன. தெரு நடுவில் ஒரு பெஞ்சு கிடந்தது. அதன்மேல் அன்னாள் வீட்டுச் சின்ன அந்தோணியார் சுரூபம், பக்கத்தில் மாலைத் தாம்பாளம். காலனிப் பெண்கள் சுற்றி உட்கார்ந்து ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்தார்கள். முதல் பஸ்ஸின் டிரைவர் தீர்த்தகிரி இறங்கி வந்து வழி கேட்டார். விஷயத்தைத் தெரிந்துகொண்டதும் மறுபேச்சு இல்லாமல் இன்ஜினை அணைத்துவிட்டு டீக்கடைப் பக்கம் போய்விட்டார். பஸ்கள் பெரிய தெருவை அடைத்துக்கொள்ள, கோயிலிலிருந்து வந்த தேரும் மூலையில் நின்றுபோனது.

மரியசூசைக்கு வேர்த்து ஊற்றியது. தோமினிக்கைக் கூப்பிட்டு, பெண்டாட்டியைக் கிளப்பு, இல்லையென்றால் நாளையிலிருந்து லாட்ஜுக்கு வராதே என்றார்.

தோமினிக் வேகமாக வருவதைப் பார்த்ததும் அன்னாள் பெஞ்சின் காலைப் பிடித்துக்கொண்டாள். புருசனே வந்து கையைப் பிடித்து இழுத்தால் என்ன செய்வாள்? அவன் பெஞ்சருகே நின்று சுரூபத்தைப் பார்த்தான். பிறகு தீப்பெட்டியை எடுத்து மெழுகுவத்தியைப் பற்ற வைத்துவிட்டு அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தான்.

"லாட்ஜு போனாப் போச்சாது, புள்ளே" என்றான்.

கடைசியில் மரியசூசையே வந்தார். பஸ்ஸில் வந்த விருந்தாளிகள் ஜன்னலில் எட்டிப் பார்த்தார்கள், சிலர் செல்போனில் படம் எடுத்தார்கள். அவர் குரலைத் தாழ்த்தி, வழியை விடு என்றார்.

"தெரு குறுகலுங்க" என்றாள் அன்னாள். "நீங்க சொன்னதுதானுங்க. தேரு திரும்பாத தெருவுல பஸ்ஸு எப்புடிங்க திரும்பும்?"

மரியசூசை செல்போன்களைப் பார்த்தார், பஸ் வரிசையைப் பார்த்தார். ஃபாதர் தேரை விட்டு இறங்கி வந்து, முதல் தடவையாக மரியசூசையின் முகத்தை நேராகப் பார்த்தார். தேரைத் திருப்பச் சொன்னார் மரியசூசை. அவரைத் திருப்பியது அந்தோணியாரும் இல்லை, நியாயமும் இல்லை, பஸ்கள்தான். அது அன்னாளுக்கும் தெரியும்.

பெண்கள் பெஞ்சை ஓரமாக நகர்த்தினார்கள். தேர் உள்ளே வந்தது. இரண்டு பக்கமும் ஆள் நடந்து போகும் அளவுக்கு இடம் மிச்சமிருந்தது.

அன்னாள் வாசலில் தேர் நின்றது. அவள் மாலையை எடுத்து ஈரத்துணியைப் பிரித்து, நசுங்கிய பூக்களை ஒவ்வொன்றாக நீவிவிட்டாள்.

"சீக்கிரம் போடு, பஸ்ஸெல்லாம் நிக்குதுல்ல" என்றார் மரியசூசை.

"நிக்கட்டுமுங்க" என்றாள் அவள் திரும்பிப் பார்க்காமல். "நாங்க எத்தன வருசம் மூலையில நின்னோம்."