இரண்டாவது விரல்

சுவிட்சுப் பேனலை எந்த உயரத்தில் மாட்டுவது என்று எலக்ட்ரீஷியன் சௌமேன் கேட்டார். நிற்கிற ஆளின் நெஞ்சளவுக்கு வைப்பதுதான் வழக்கமாம். ஷியாமளா கட்டிலைக் காட்டினாள். படுத்திருக்கிறவரின் இடது கைக்கு எட்ட வேண்டும், அவ்வளவுதான் என்றாள். அரைகுறை வங்காளியில் சொன்னாலும் அவருக்குப் புரிந்தது.

கட்டிலில் கிடந்தவர் அவள் கணவர் திருவேங்கடம். சாந்த்ராகாச்சி ரயில்வே யார்டில், சிக்னல் கேபினுக்குள் உட்கார்ந்து பொத்தான்களை அழுத்தி ரயில்களுக்குப் பாதை விட்டவர். ரிட்டயராகி டாக்குரியாவில் ஃபிளாட் வாங்கிக் குடிவந்த மறு வருஷமே ஸ்ட்ரோக் வந்து சாய்ந்தார். வலது பக்கம் போயிற்று, பேச்சும் போயிற்று. புத்தியும் போயிற்றா என்பதைத்தான் யாராலும் சொல்ல முடியவில்லை. கூப்பிட்டால் திரும்புவதில்லை. கேட்டால் தலையாட்டுவதில்லை. டாக்டர் உதட்டைப் பிதுக்கிவிட்டார்.

ஆரம்பத்தில் ஷியாமளா நிறைய அழுதாள். அப்புறம் அதுவும் நின்றுபோனது. துடைப்பது, ஊட்டுவது, புரட்டிப் படுக்க வைப்பது எல்லாவற்றையும் கை தானாகச் செய்தது. மனசு மரத்துப்போயிருந்தது. எதிர் வீட்டு வங்காளிப் பெண் எப்படி இருக்கிறார் என்று படியில் நிறுத்திக் கேட்டால், நன்றாக இருக்கிறார் என்று வாய் சொல்லிவிடும். சொன்ன பிறகு அது பொய் என்றுகூட உறைக்காது.

இந்தப் பேனல் மகன் சாய் கிருஷ்ணாவின் ஏற்பாடு. அவனுக்குப் புனேயில் வேலை. விளக்கு, ஃபேன், ஜன்னலின் திரைச்சீலை மூன்றையும் சுவரில் ஒரே கண்ணாடிப் பலகையில் கொண்டுவந்து, அப்பா விரலால் தொட்டு இயக்குகிறாரா என்று பார்க்க வேண்டும் என்றான். இயக்கினால் புத்தி இருக்கிறது, வீட்டிலேயே வைத்துக்கொள்ளலாம். இல்லையென்றால் ஜோக்கா பக்கம் ஒரு முதியோர் ஹோமில் இடம் சொல்லி வைத்திருக்கிறான், அடுத்த வாரமே சேர்த்துவிடலாம். அம்மா எத்தனை நாள்தான் ஒற்றை ஆளாக அல்லாடுவாள் என்று கேட்டான். நியாயமான கேள்விதான். ஒரு மனிதருக்குள் ஆள் இருக்கிறாரா என்று பார்க்கச் சுவரில் கண்ணாடி மாட்டுகிற காலம், யாரை நொந்துகொள்வது?

சௌமேன் பழைய சுவிட்சு போர்டைக் கழற்றிப் பார்த்துவிட்டு நியூட்ரல் வயர் இல்லையே என்று அலுத்துக்கொண்டார். பேனலுக்கு அது இல்லாமல் ஆகாதாம். பக்கத்து அறையிலிருந்து ஒரு வயரை இழுத்து வந்து சுவரைக் குடைந்தார். சிமெண்டுத் தூள் கட்டிலெல்லாம் விழுந்தது. ஷியாமளா கணவரைப் போர்வையால் மூடினாள். முகம் வரைக்கும் மூடிய பிறகுதான் அது பார்க்க எப்படி இருக்கிறது என்று கவனித்தாள். கவனித்தாளே தவிர மனசில் ஒன்றும் தோன்றவில்லை. கழுத்துவரை இறக்கிவிட்டு, தூள் கண்ணில் விழாமல் கையை மறைப்பாக வைத்துக்கொண்டு நின்றாள்.

பிறகு திரைச்சீலை மோட்டாருக்கு எதுவரை ஏறலாம், எதுவரை இறங்கலாம் என்று கற்றுக்கொடுக்கும் வேலை நடந்தது. சீலை ஏறியது, இறங்கியது, ஜன்னல் கட்டையில் மோதி நின்றது, மறுபடி ஏறியது. திருவேங்கடம் அதைப் பார்த்தாரா, வெறுமனே அந்தப் பக்கம் முகம் இருந்ததா, தெரியவில்லை.

எல்லாம் முடிந்ததும் ஷியாமளா மகனை வீடியோவில் கூப்பிட்டு, ஃபோனைத் தண்ணீர் பாட்டில்மேல் சாய்த்து வைத்தாள். கண்ணாடியில் மூன்று பொத்தான்கள் ஒளிர்ந்தன. சௌமேன் ஒவ்வொன்றையும் தொட்டுக் காட்டினார். தொட்டு உடனே எடுத்தால் போதும் என்று பொறுமையாகத் திரும்பத் திரும்பச் சொன்னார்.

திருவேங்கடம் இடது கையைத் தூக்கினார். விரல் போய் விளக்குப் பொத்தானில் நின்றது. வைத்த விரலை அவர் எடுக்கவில்லை. அப்படி அழுத்திப் பிடித்தால் இந்தப் பேனல் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் கோடு ஒன்றைக் காட்டுமே தவிர, விளக்கைப் போடாது. சௌமேன் அவர் விரலை மெதுவாக எடுத்துவிட்டார். அவர் மறுபடி வைத்தார். மறுபடியும் எடுக்கவில்லை.

"விடும்மா. அவருக்கு ஒண்ணும் புரியல," என்றான் சாய் கிருஷ்ணா ஃபோனிலிருந்து. "நான் அப்பவே சொன்னேன்ல. ஹோமுக்கு ஃபோன் பண்ணி வர்றோம்னு சொல்லிடட்டுமா?"

ஷியாமளா "ம்" என்றாள். வருத்தமும் வரவில்லை, நிம்மதியும் வரவில்லை. இதைக் கழற்றி ஹாலில் மாட்டிவிடுங்கள் என்று சௌமேனிடம் சொன்னாள். அவர் ஸ்க்ரூ டிரைவரைத் தேடினார்.

அப்போதுதான் கணவரின் வலது தோள் அவள் கண்ணில் பட்டது. போர்வைக்குள் அது எக்கி எக்கி எழுந்தது. இடது விரல் விளக்குப் பொத்தானிலேயே நிற்க, கண் திரைச்சீலைப் பொத்தானில் குத்திட்டிருந்தது. விளங்காத கையை அங்கே கொண்டுபோகப் பார்க்கிறார் மனிதர்.

கருவிகளுக்குப் பூஜை போடும் ஒரு விஸ்வகர்மா பூஜையன்று குடும்பங்களையெல்லாம் கேபினுக்குள் விட்டார்கள். அன்று அவர் அவளுக்குச் செய்து காட்டியிருக்கிறார். ஒரு கை சிக்னல் பொத்தானில், மறு கை பாதைப் பொத்தானில். இரண்டையும் சேர்த்துப் பிடித்தால்தான் ரயிலுக்குப் பாதை விழும், விளக்கு எரிந்து அது உறுதியான பிறகே கையை எடுப்பார். ஒற்றைப் பொத்தானுக்கு அங்கே எதுவும் அசையாது. தெரியாத்தனமாக முழங்கை பட்டு ஒரு ரயில் கிளம்பிவிடக் கூடாதே. காலமெல்லாம் அப்படிப் பழகிய மனிதரிடம் போய்த் தொட்டு எடு, தொட்டு எடு என்றால்?

ஷியாமளா குனிந்து, திரைச்சீலைப் பொத்தானைத் தன் விரலால் தொட்டாள்.

மோட்டார் முனகியது, சீலை இறங்கத் தொடங்கியது. அது நகர்வதைப் பார்த்த பிறகே திருவேங்கடம் விரலை எடுத்தார். கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டார். அப்புறம் ஃபேன் பொத்தானில் விரலை வைத்தார். விளக்குப் பொத்தானைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், திரும்பவும் விளக்குப் பொத்தானைப் பார்த்தார். அவள் தொட்டாள். விளக்கு எரிந்தது. அவர் விரலை எடுத்தார்.

சந்தோஷம்தான் வந்திருக்க வேண்டும். வரவில்லை. இவருக்குப் புரிகிறது. இன்றைக்கு மட்டுமா புரிகிறது? ஹோமைப் பற்றி அம்மாவும் பிள்ளையும் இந்த அறையில்தான் ஃபோனை ஸ்பீக்கரில் போட்டுப் பேசினார்கள். போன ஞாயிற்றுக்கிழமை அக்கா விஜயலட்சுமியிடம், விழுந்த அன்றைக்கே போய்ச் சேர்ந்திருந்தால் அவருக்கும் நிம்மதி எனக்கும் நிம்மதி என்று சொன்னாளே, அதை இந்தக் கட்டில் விளிம்பில் உட்கார்ந்துதான் சொன்னாள். அவர் காலை அமுக்கிவிட்டுக்கொண்டே சொன்னாள்.

"எல்லாம் கேட்டுக்கிட்டுதான் இருந்தீங்களா?"

அவர் அவளைப் பார்த்தார். நன்றாகவே பார்த்தார். பிறகு கண்ணை மூடிக்கொண்டார். அவமானம் ஷியாமளாவைப் பிடுங்கித் தின்றது. மனசு மரத்துப்போன பிறகு அவளுக்கு வலித்தது இப்போதுதான்.

"என்னம்மா ஆச்சு? லைட் எரியுது? அவரா போட்டார்?" என்று சாய் கிருஷ்ணா கேட்டுக்கொண்டே இருந்தான். "ஹோம்ல நான் என்ன சொல்லட்டும்?"

அவள் பாட்டில்மேல் இருந்த ஃபோனை எடுத்தாள். கட்டிலில் உட்கார்ந்து, கணவர் கண்ணைத் திறக்கும்வரை காத்திருந்து, அவர் முகத்துக்கு நேராகப் பிடித்தாள்.

"அப்பா இங்கதான் இருக்கார்," என்றாள். "அவர்கிட்டயே கேளு."

மகன் அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தான். கேட்க வந்ததை விட்டுவிட்டு, "அப்பா" என்று மட்டும் கூப்பிட்டான்.