குளிர் தாங்காத கள்ளி

என் தம்பி போஹுஷ் தன் வீட்டுத் தெற்குச் சுவரை ஒட்டிச் சரளைக்கல்லால் மேடு கட்டி, அந்தப் பாத்தியில் கள்ளி வளர்த்தான். செக் நாட்டில் எங்கள் மொராவியாப் பக்கம் அது அதிசயமில்லை. ஊருக்கு இரண்டு கள்ளிப் பைத்தியங்கள் உண்டு. ஆனால் பனியிலும் வெட்டவெளியில் நின்று, ஜூனில் ரத்தச் சிவப்பாகப் பூக்கும் ஒரு புதுக் கள்ளியைத் தானே மகரந்தம் சேர்த்து உருவாக்கியவன் அவன் ஒருவன்தான். அதற்குக் குபாத் என்று எங்கள் குடும்பப் பெயரையே வைப்பதாக இருந்தது.

மூன்று பனிக்காலம் தாங்கினால்தான் கள்ளிச் சங்கத்தில் பெயரை அறிவிப்பார்கள். அதற்குமுன் ஒரு துண்டைக்கூட வெளியே கொடுப்பது மரியாதை இல்லை. மூன்றாவது பனிக்காலம் தொடங்குமுன் தம்பி ஆஸ்பத்திரியில் இறந்துபோனான்.

ஈஸ்டருக்கு அவன் மனைவி ஸ்டெனாவைப் பார்க்கப் போனேன். பாத்தியின்மேல் தம்பியின் கம்பளி. அதன்மேல் பாலிதீன் தாள். மூலைக்கு ஒரு செங்கல்.

"டிசம்பர்ல பாத்தேன் அத்தான். எல்லாம் சுருங்கி, தோல் தொங்கி, தரையோட படுத்துக் கிடந்துச்சு. கடைசியில அவர் கிடந்த மாதிரியே. மனசு கேக்கல, போத்திவிட்டேன்."

கள்ளி சுருங்குவது சாவதற்கல்ல. உள்ளே இருக்கும் நீரை வெளியேற்றினால்தான் அது உறையாமல் பிழைக்கும். அதைக் கொல்வது ஈரம். அதனால்தான் போஹுஷ் நான்கு பக்கமும் காற்றுக்கு வழிவிட்டு, மேலே ஒரு கண்ணாடி மட்டும் போடுவான். அந்தப் பாத்திப் பக்கம் அவன் யாரையும் விட்டதில்லை, மனைவியையும்தான். அவளுக்கு எப்படித் தெரியும்?

தாளைத் தூக்கினேன். அழுகல் நாற்றம் அடித்தது. விரல் பட்ட இடத்தில் கள்ளி கூழாக உள்வாங்கியது.

"குளிர் கொன்னுடுச்சா?"

"ஆமாம்மா."

"இன்னொரு கம்பளியும் போட்டிருக்கணும்," என்று சொல்லி அழுதாள்.

கம்பளியையும் தாளையும் நான் சுருட்டி எடுத்துப் போய்விட்டேன். அடுத்த வாரம் சங்கத் தலைவர் ஹாவெல்கா இரண்டு பேரோடு கள்ளியைப் பார்வையிட வந்தார். ஸ்டெனா கசகசா வைத்துக் கொலாச்சே என்ற இனிப்பு ரொட்டி சுட்டிருந்தாள்.

"என்னய்யா இது, கஞ்சி ஊத்துன மாதிரி கிடக்கு?" என்றார் ஹாவெல்கா. "எந்தக் குளிரும் தாங்கும்னு மார்தட்டினானே உன் தம்பி! இந்த வருஷம் பெருசா குளிரே இல்லையே. ஈரம் புகுந்துச்சா? யாராவது எதையாவது போட்டு மூடிட்டாங்களா?"

தட்டோடு படியில் நின்ற ஸ்டெனா வாயைத் திறந்தாள். அவள் பதில் சொன்னால், அவர் விளக்கம் சொல்லிவிடுவார். தன் கையாலேயே அதைக் கொன்றோம் என்ற நினைப்போடு அவள் மிச்ச நாளைக் கழிக்க வேண்டும்.

"ஈரமெல்லாம் இல்ல," என்று நான் முந்திக்கொண்டேன். "செடிக்கே தெம்பு இல்ல. தம்பி அவசரப்பட்டுப் பெருமையடிச்சுட்டான்."

"அப்போ குபாத் கள்ளி ஜன்னலோரத் தொட்டிக்குத்தான் லாயக்குன்னு சொல்லு!"

மூவரும் சிரித்தார்கள். எங்கள் பெயரைச் சொல்லி என் முன்னால் யாரும் அப்படிச் சிரித்ததில்லை. நான் நிமிர்ந்தே நின்றேன். கொலாச்சேயைத் தின்றுவிட்டு அவர்கள் போனார்கள்.

ஸ்டெனா தட்டைக் கீழே வைத்தாள்.

"அவர் உசுரோட இருந்தா இந்த ஆளுங்க முன்னாடி இப்படிச் சொல்லியிருப்பீங்களா?"

நான் பாத்திப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"வாழ்க்கையில அவருக்கு இருந்தது அது ஒண்ணுதான். வெளியாளு சிரிச்சா பரவாயில்ல. கூடப்பொறந்த நீங்களே அவரை விட்டுக் குடுத்துட்டீங்களே."

"ஸ்டெனா..."

"போங்க. இனிமே இந்த வீட்டுக்கு வராதீங்க."

தொப்பியை எடுத்துக்கொண்டு இறங்கினேன். பின்னால் கதவு அறைந்து சாத்தப்பட்டது. எங்கள் குடும்பத்தில் பெண்கள் கதவை அறைந்து சாத்துவதில்லை. அதை அவளிடம் சொல்ல அன்று எனக்கு மனம் வரவில்லை.