மாப்புத் தரமாட்டன்

ஹஜ்ஜுக்குப் போறவர்கள் வீடு வீடாக ஏறி இறங்கி மாப்புக் கேட்பது எங்கட சாய்ந்தமருதில் வழக்கம். தெரிந்தும் தெரியாமலும் செய்ததை மனிசர் மன்னித்தால்தான் பாரமில்லாமல் பயணம் போகலாம். முர்ஷித் எல்லாரிடமும் மாப்புக் கேட்டுத் திரிகிறான் என்று அவன்ட உம்மா ஸகியா மாமி போனில் சொன்னா. மகன் தீனுக்கு, மார்க்கத்துக்குத் திரும்பிட்டானாம். குரலில் அவ்வளவு சந்தோசம்.

நானும் சிரித்தேன். கெம்பஸில் என் அறைக்காரன் அவன். சுபஹுத் தொழுகைக்கு அவனை எழுப்பப் போய் நானும் தூங்கிப்போனதுதான் மிச்சம். மனச்சோர்வு என்று டொக்டர் குளிசை கொடுத்தார். அதையும் விட்டு, படிப்பையும் விட்டு, வீட்டில் சுவரைப் பார்த்துக் கிடந்தவன்.

போனை வைத்த பிறகுதான் உறைத்தது. கடைத்தெருவுக்கே போகாதவன் எந்தப் பயணத்துக்கு மாப்புக் கேட்கிறான்?

ஒலுவில் கெம்பஸிலிருந்து மோட்டார் சைக்கிளில் பறந்தேன். நிந்தவூரும் காரைதீவும் எப்படிக் கடந்ததோ தெரியாது. 'யா அல்லாஹ்' தவிர ஓத ஒன்றும் ஞாபகம் வரவில்லை.

முர்ஷித் குளித்து, தலை சீவி, ஆறுதலாக இருந்தான். அந்த ஆறுதல்தான் பயங்காட்டியது.

"நீதான் மிச்சம் ஹாதிக். மாப்புத் தா மச்சான்."

ஊருக்கே பகிடி விடுகிற வாய் எனக்கு. அன்றைக்குப் பகிடியை விட்டு நேரே கேட்டேன்.

"சாக யோசிக்கிறியா?"

"ஓம்."

"அப்ப மாப்புத் தரமாட்டன்."

"ஏன்?"

"பெருநாளைக்கு எங்கட உம்மா தந்துவிட்ட வட்டிலப்பத்த தனியத் திண்டாய்."

"அதுக்கா?"

"அதுக்குத்தான். மறுமையிலயும் உன்ன விடமாட்டன்." சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. பகிடிக்காரனுக்கு வந்த கதியைப் பாருங்கள். "டொக்டரிட்ட வா. பிறகு யோசிக்கிறன்."

"களைச்சிட்டன் மச்சான்."

தெரியும் என்றேன். எழும்பு என்று சொல்லவில்லை. கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் இருந்தேன். மாமியைக் கூப்பிட்டு மறைக்காமல் சொன்னேன். அவ மகனுக்குச் செருப்பை எடுத்து வந்து, குனிந்து, காலில் மாட்டிவிட்டா. அதற்குப் பிறகுதான் அவன் எழும்பினான்.

ஆட்டோவில் அவனை நடுவில் வைத்து இரண்டு பேரும் நெருக்கிக்கொண்டு இருந்தோம். கல்முனைச் சந்தியில் மெதுவாகக் கேட்டான்.

"இப்பவாவது தாவன்."

"தரமாட்டன்."

ஆஸ்பத்திரி வாசலில் திரும்பவும் கேட்டான். கையை விடாமல், அதையே சொன்னேன்.