ஓடிபிக்கு முன்னால் ஒரு கேள்வி

பூவிழிக்கு வாய்ச்சவடால் ஜாஸ்தி என்று அவள் அம்மா வசந்தா சொல்லாத நாள் கிடையாது. அந்த வாய்ச்சவடால் ஒருநாள் அவள் படிப்புக்கே உலை வைக்கப் பார்த்தது. எப்படி என்று சொல்கிறேன், கேளுங்கள்.

எக்கியார்குப்பத்துப் பெண் அவள். திண்டிவனத்தில் ஒரு கல்லூரியில் பி.காம். இரண்டாம் வருஷம். கல்வி உதவித்தொகை வந்தால் படிப்பு. வராவிட்டால் புதுச்சேரி ஜவுளிக்கடை ஒன்றில் புடவை மடிக்கிற வேலை. வசந்தா அந்தக் கடையில் பேசியே முடித்துவிட்டாள், திங்கட்கிழமை வந்து சேரச் சொல்லியிருந்தார்கள். உதவித்தொகையை வருஷா வருஷம் புதுப்பிக்க வேண்டும். அதற்கு வருமானச் சான்றிதழ் வேண்டும். அந்தச் சான்றிதழ்ப் புண்ணியவதி ஆடி அசைந்து நேற்றுச் சாயங்காலம்தான் வந்து சேர்ந்தாள். இன்று மதியம் பன்னிரண்டு மணிக்கு விண்ணப்பம் மூடுகிறது.

மரக்காணம் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஆரோக்கியராஜின் பிரவுசிங் சென்டர். கடைசி நாள் என்றால் கேட்க வேண்டுமா, உள்ளே கால் வைக்க இடமில்லை. பூவிழிக்குப் பின்னாலேயே பிரம்மதேசத்து ஜெயப்ரியா, கூடப் படிக்கிறவள், அவளும் புதுப்பிக்க வந்திருந்தாள்.

பாரத்தை நிரப்பியாயிற்று. சான்றிதழை ஏற்றியாயிற்று. கடைசியில், ஆதாரில் உள்ள நம்பருக்கு ஓடிபி அனுப்புகிறேன் என்றது கம்ப்யூட்டர். ஆதாரில் இருப்பது அப்பா தெய்வசிகாமணியின் நம்பர். பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது கொடுத்தது. மாத்து மாத்து என்று எல்லோரும் சொன்னார்கள், இவள் கேட்டால்தானே. அப்பாவோ விடிகாலையிலேயே போட்டில் கடலுக்குப் போய்விட்டார், கரை திரும்ப மூன்று மணியாகும். நல்லவேளை, கரை தெரிகிற தூரத்தில்தான் வலை போட்டிருந்தார்கள், விட்டு விட்டாவது சிக்னல் கிடைக்கும்.

"பத்து நிமிஷந்தாம்மா டைம். மூணு தடவதான் அனுப்பும், அப்புறம் நாளைக்குத்தான்," என்று சொல்லிவிட்டு ஆரோக்கியராஜ் தன் போனைக் கொடுத்தான். பூவிழியின் போனில் ரீசார்ஜ் முடிந்து நாலு நாளாகிறது. ஆரோக்கியராஜின் போனுக்கு ஒரு வியாதி, ஸ்பீக்கரில் போட்டால்தான் பேசும்.

"அப்பா, நான் பூவிழி. ஒரு மெசேஜ் வந்திருக்கும். அதுல இருக்கிற நம்பர சொல்லு, சீக்கிரம்!"

அந்தப் பக்கம் இன்ஜின் சத்தம். பிறகு, "யாரும்மா நீ?"

"ஐயோ, பூவிழிப்பா!"

"பூவிழின்னா அவ நம்பர்ல இருந்து இல்ல வரும்? இது யார் நம்பரு?"

இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். போன மாசம் குப்பத்துக்கு ஒரு வண்டி வந்தது. ஓடிபியை யார் கேட்டாலும் சொல்லாதீர்கள், பெற்ற பிள்ளை குரலிலேயே பேசி ஏமாற்றுவார்கள் என்று மைக்கில் கத்திவிட்டுப் போனது. ஊரே கேட்டுவிட்டு மறந்துபோயிற்று. தெய்வசிகாமணி மறக்கவில்லை. எப்படி மறப்பார், அவர் போட்டிலேயே தொழில் செய்கிற அப்பாவு, தேன் குழைத்துப் பேசிய ஒருத்தியிடம் ஓடிபியைச் சொல்லித் மீன்பிடித் தடைக்கால நிவாரணப் பணத்தை மொத்தமாகத் தொலைத்திருந்தான்.

"வெச்சிடு தெய்வா!" என்று பின்னாலிருந்து அப்பாவு கத்துவது கடை முழுக்கக் கேட்டது. "அதே குரலு!"

"அப்பா, அம்மா பேரு வசந்தா. போதுமா?"

"ரேஷன் கார்டுலயே இருக்குது."

"நம்ம போட்டுக்குப் பச்ச பெயின்ட், செவப்பு கோடு!"

"கண்ணு இருக்கிறவன் எவனும் சொல்லுவான்."

இப்படியே வாய்ச்சண்டை போட்டதில் பத்து நிமிஷம் ஓடிப்போனது. நேரம் முடிந்தது என்று திரையில் சிவப்பு எழுத்து வந்தது. பூவிழி தலையில் அடித்துக்கொண்டாள். ஆரோக்கியராஜ் இரண்டாம் தடவை அனுப்பினான்.

தெய்வசிகாமணி கொஞ்சம் இறங்கி வந்தார். "சரி. எனக்கும் என் பொண்ணுக்கும் மட்டும் தெரிஞ்ச விஷயம் ஒண்ணு இருக்குது. அத கேக்கறேன், சொல்லு. உனக்கு நீச்சல் தெரியுமா?"

பூவிழிக்கு மூஞ்சி சுண்டிப்போயிற்று.

கல்லூரியில் சேர்ந்த முதல் நாளிலிருந்து அவள் அளந்த அளப்பு கொஞ்சநஞ்சமல்ல. நடக்கிறதுக்கு முன்னாடியே நீந்தினேன் என்பாள். போட்டிலிருந்து குதித்துக் கரை வரைக்கும் நீந்தியே வருவேன் என்பாள். கடல் பக்கமே வராத வயல்காட்டு ஊர்ப் பெண்களெல்லாம் வாயைப் பிளந்து கேட்பார்கள், அதிலும் ஜெயப்ரியாவின் வாய்தான் பெரிதாகத் திறக்கும். உண்மை என்ன தெரியுமா? ஒன்பது வயசில் ஒரு அலை இவளைச் சுருட்டிக்கொண்டு போயிற்று. தெய்வசிகாமணி முடியைப் பிடித்து இழுத்துப் போட்டார். அன்றிலிருந்து முழங்காலுக்கு மேல் கடலைத் தொட்டதில்லை. யார்கிட்டயும் சொல்லாதப்பா என்று அழுதாள். அவரும் சொல்லவில்லை, வசந்தாவிடம்கூட.

இப்போது ஜெயப்ரியா தோளுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருக்கிறாள். ஸ்பீக்கரோ ஊருக்கே ஒலிபரப்புகிறது.

"தெ... தெரியும்பா," என்றாள் பூவிழி. "நல்லாவே தெரியும்."

"அப்ப நீ என் பொண்ணு இல்ல."

போன் கட்டாகிவிட்டது.

"என்னம்மா இது? பெத்த அப்பனே இல்லன்னுட்டாரு?" என்றான் ஆரோக்கியராஜ். பூவிழி திரும்பக் கூப்பிட்டாள். தொடர்பு எல்லைக்கு வெளியே என்றது. மறுபடி கூப்பிட்டாள், மறுபடியும் அதே பாட்டு. அதற்குள் இரண்டாவது ஓடிபியும் செத்துப்போனது. கடிகாரம் பன்னிரண்டை நெருங்கிக்கொண்டிருந்தது.

அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அப்பா மேல் கோபம், அப்பாவு மேல் கோபம், எல்லாவற்றுக்கும் மேலே தன் மேலேயே ஆத்திரம். ஒரே ஒரு வார்த்தை, தெரியாது என்று சொல்லியிருந்தால் போதும். பொய்ப் பெருமைக்காகப் படிப்பையே விட்டுக்கொடுத்தாயே பாவி, இனி திங்கட்கிழமையிலிருந்து புடவை மடி என்று மனசுக்குள் தன்னையே திட்டித் தீர்த்தாள். திட்டிக்கொண்டே விடாமல் போனை அழுத்தினாள். திடீரென்று ரிங் போயிற்று.

"அலோ," என்றார் தெய்வசிகாமணி.

"அப்பா! வெச்சிடாதப்பா! எனக்கு நீச்சல் தெரியாது! முழங்காலுக்கு மேல தண்ணி வந்தா காலு நடுங்கும்! வெளிய சொல்லிக்கினு திரியறதெல்லாம் புளுகு! சத்தியமா தெரியாதுப்பா!"

கடையிலிருந்த அத்தனை தலைகளும் அவள் பக்கம் திரும்பின. போனில் இன்ஜின் சத்தம் நின்றது. பிறகு தெய்வசிகாமணியின் குரல், பதறிப்போய்த் தணிந்து வந்தது.

"ஏண்டி கத்துற? யாராவது கேட்டுடப் போறாங்க."

கடையே வெடித்துச் சிரித்தது. பூவிழி அழுதுகொண்டே சிரித்தாள். ஆரோக்கியராஜ் மூன்றாவது ஓடிபியை அனுப்பினான். அந்தப் பக்கம் அப்பாவு ஏதோ சொல்லித் தடுப்பதும், "கைய எடுடா, எம்பொண்ணுதான்," என்று தெய்வசிகாமணி அதட்டுவதும் கேட்டது. அப்புறம் அவர் நம்பரைக் குசுகுசுவென்று, ஒவ்வொரு எண்ணாக, பரம ரகசியமாகச் சொன்னார். ஸ்பீக்கர் அதை பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கொண்டுபோய்ச் சேர்த்தது. விண்ணப்பம் ஏற்கப்பட்டது என்று பச்சை எழுத்து வந்ததும் பூவிழி நாற்காலியில் அப்படியே சாய்ந்துவிட்டாள்.

ஜெயப்ரியா குனிந்து காதில் சொன்னாள். "எங்க கொல்லையில பெரிய கெணறு இருக்குதுடி. சின்னதுல இருந்து அதுலதான் குதிக்கறேன். ஞாயித்துக்கெழம வா, கத்துத் தரேன்."

"நீ எங்கிட்ட சொன்னதே இல்லியேடி!"

"நீ எங்க என்ன பேச விட்ட?"

மூன்று மணிக்குப் படகு கரையேறியது. தெய்வசிகாமணி மணலில் உட்கார்ந்து வலையிலிருந்து மீன் கழித்துக்கொண்டிருந்தார். பூவிழி போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவர் நிமிர்ந்து பார்த்தார். முகத்தில் உண்மையாகவே வருத்தம்.

"இருந்தது ஒரே ரகசியம். அதையும் ஊருக்கே சொல்லிட்ட. அடுத்த வருஷம் எத வச்சி உன்ன கண்டுபுடிப்பேன்?"

"நாளைக்கே ஆதார்ல என் நம்பர மாத்திடறேம்பா. உனக்குத் தொல்லையே இல்ல."

"அதுபாட்டுக்கு மாத்து. ஆனாலும் ஒண்ணு இருக்கட்டும்." அவர் அக்கம்பக்கம் பார்த்துக்கொண்டார். அப்பாவு தள்ளி நின்று இன்ஜினைக் கழற்றிக்கொண்டிருந்தான். "அடுத்த தடவ, உங்கப்பனுக்குக் கடலுக்குப் போக பயமான்னு கேப்பேன்."

பூவிழி சிரித்தாள். "உனக்கா? இல்லன்னு சொல்லணும். இது ஒரு கேள்வியா?"

தெய்வசிகாமணி வலையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"இந்த தடவயும் தப்பா சொல்லிடாதம்மா," என்றார்.

பூவிழியின் சிரிப்பு நின்றுபோனது. இத்தனை வருஷமாக விடிகாலையில் டார்ச் லைட்டோடு கிளம்பிப் போகிற அப்பாவை அவள் போர்வைக்குள்ளிருந்தே பார்த்திருக்கிறாள். ஒருநாளும் எழுந்து வாசல் வரைக்கும் வந்ததில்லை. அவர் பக்கமாக நகர்ந்து, வலையின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டாள்.

மீன் கூடையோடு வசந்தா வந்து நின்றாள். "அப்பனும் பொண்ணும் என்ன குசுகுசுன்னு?"

"ஓடிபி," என்றார் தெய்வசிகாமணி. "யார்கிட்டயும் சொல்லக் கூடாது."