ரெண்டு சொட்டு லேவண்டர்

நாகஜோதி சின்னக் கண்ணாடிக் குப்பியைத் திறந்து தலையணையில் இரண்டு சொட்டு விட்டதும், சிவக்குமார் பாயைச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கூடத்துக்குப் போனான். "உள்ள ஒரே புழுக்கமா இருக்கு" என்றான். அறைக்குள் மின்விசிறி பேய் வேகத்தில் சுற்றிக்கொண்டிருந்தது. அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள்.

குப்பியை அனுப்பியவள் மகள் தமிழ்வாணி. கோயம்புத்தூரில் பிசியோதெரபி படிக்கிறாள். கர்ப்பப்பையை எடுத்ததிலிருந்து அம்மாவுக்குத் தூக்கம் போய்விட்டது. மாத்திரை போட்டால் மறுநாள் பூராவும் மந்தம், அடுப்பில் பால் வைத்ததுகூட நினைவிருக்காது. தலையணையில் விடு, வெந்நீரில் கலந்து காலை ஊறவை, தேங்காயெண்ணெயில் குழைத்து நெற்றிப்பொட்டில் தேய் என்று மகள் போனிலேயே வகுப்பெடுத்தாள். "குடிச்சுக் கிடிச்சு வச்சிராதம்மா" என்றும் சொன்னாள். நாகஜோதிக்கு முதலில் நம்பிக்கையில்லை. ஆனால் அந்த வாரமே ஒரு மத்தியானம் குக்கர் விசில்கூடக் கேட்காமல் தூங்கினாள். எழுந்தவள் முகத்தில் பழைய களை வந்திருந்ததைப் பார்த்து சிவக்குமாருக்கு மனசு குளிர்ந்துபோனது.

அந்த வாசனைதான் அவனுக்கு ஆகவில்லை. சாவு வீடுகளுக்கு ஐஸ்பெட்டி வாடகைக்கு விடுவது அவன் தொழில். வண்டியூரிலிருந்து வாடிப்பட்டி, டி. கல்லுப்பட்டி வரைக்கும் யார் வீட்டில் எழவு விழுந்தாலும் குட்டியானை வண்டியில் பெட்டியை ஏற்றிக்கொண்டு கிளம்பிவிடுவான். உடலை உள்ளே வைக்குமுன் பெட்டியைச் சுற்றி லேவண்டர் ஸ்பிரே அடிப்பான். கீழவாசல் மொத்தக்கடையில் அதுதான் மலிவு. மல்லிகை ஸ்பிரேயை மதுரையில் எவன் வாங்குவான்? வருஷக்கணக்காக அடித்து அடித்து, லேவண்டர் என்றாலே அவன் மூக்குக்குப் பிணம்தான். தொழில் சமாசாரம் எதுவும் வாசப்படி தாண்டக் கூடாது என்று அவனுக்கொரு வைராக்கியம். வெளிக்குழாயில் தலைமுழுகிவிட்டுத்தான் வீட்டுக்குள்ளேயே வருவான். அதனால் ஸ்பிரே விஷயம் நாகஜோதிக்குத் தெரியாது. சொன்னால் அப்புறம் அவள் அந்தக் குப்பியைத் தொடுவாளா? வந்த தூக்கமும் போய்விடுமே என்று வாயை மூடிக்கொண்டான்.

அவன் பாயைத் தூக்கும்போதெல்லாம் அவள் முகம் சுண்டிப்போவதையும் பார்க்கத்தான் செய்தான். ஒருநாள் காபியைக் கொண்டுவந்து வைத்தவள், "வயித்தக் கிழிச்சுத் தச்சவ பக்கத்துல படுக்க யாருக்குத்தான் பிடிக்கும்" என்று டம்ளரிடம் சொல்வதுபோலச் சொன்னாள். அவனுக்குச் சுருக்கென்றது. உண்மை நுனிநாக்கு வரைக்கும் வந்தது. காபியோடு சேர்த்து விழுங்கிவிட்டான்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம், ஒரு வீட்டில் பெட்டியை இறக்கி வைத்துவிட்டு வந்து, குளித்து, ஈரத்தலையோடு உள்ளே நுழைந்தான். அறை முழுக்க லேவண்டர். கட்டிலில் நாகஜோதி மல்லாந்து கிடந்தாள். கால் இரண்டும் ஒட்டியிருந்தன. வாய் லேசாகத் திறந்திருந்தது. மூக்குத் துவாரம் இரண்டிலும் வெள்ளைப் பஞ்சு.

எத்தனையோ பேரை அவன் அப்படிப் பார்த்திருக்கிறான். எத்தனையோ பேருக்கு அவனே அந்தப் பஞ்சை வைத்துமிருக்கிறான். இன்றைக்கு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். ஜோதி என்று கூப்பிட்டது அவன் காதிலேயே விழவில்லை. தவழ்ந்து போய் அவள் பாதத்தைப் பிடித்து உலுக்கினான். பாதம் வெதுவெதுப்பாக இருந்தது.

அவள் பதறியடித்து எழுந்தாள். "என்னங்க, என்னாச்சு? வாணிக்கு ஏதாச்சுமா?"

"மூக்குல என்னத்தடி வச்சிருக்க?"

"பஞ்சுங்க. ஃபேன் காத்துக்கு வாசம் நிக்கவே மாட்டேங்குது. அதான் பஞ்சுல ரெண்டு சொட்டு விட்டு..." பஞ்சைப் பிடுங்கினாள். "நீங்க எதுக்கு அழுகுறீங்க?"

தரையில் உட்கார்ந்தபடியே, கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு, ஸ்பிரேயிலிருந்து பாயைச் சுருட்டியது வரைக்கும் எல்லாவற்றையும் சொன்னான்.

"அப்ப என்னையப் பிடிக்காமப் போகல?"

"கூறுகெட்டவளே. நீ தூங்கணும்னுதான்டி சொல்லல."

அவளுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. நைட்டிக் கையால் மூக்கைத் துடைத்தாள். "இம்புட்டு நாளா என்னைய எம்புட்டு அழ வச்சிட்டீங்க."

"அதத் தூரப் போட்ரு ஜோதி. வேற ஏதாச்சும் வாங்கிக்கலாம்."

"நான் எதுக்குப் போடணும்? எனக்கு இதுலதான் தூக்கம் வருது. செத்தவுகளுக்கு எது அடிச்சா என்ன? நீங்க அங்கிட்டு மாத்துங்க."

இத்தனை நாளில் அவனுக்கு அது தோன்றவே இல்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, "மாத்திர்றேன். ஆனா என் மூக்கு உடனே கேக்காதே" என்றான்.

அவள் சுவரோரமாக நகர்ந்து இடம்விட்டாள். அவன் ஏறிப் படுத்ததும் அவன் கையை இழுத்துத் தன் வயிற்றின்மேல் வைத்தாள். துணிக்கு அடியில் தையல் தழும்பு விரலில் தட்டுப்பட்டது. ஆபரேஷனுக்குப் பிறகு அவன் அங்கே தொட்டதே இல்லை. வலிக்குமோ என்று கையை எடுக்கப் போனான். அவள் அழுத்திப் பிடித்தாள்.

"இங்கனயே வச்சுக்கங்க. ஏறி எறங்குதான்னு பாத்துக்கிட்டே இருங்க. நான் தூங்குறேன்."

மூச்சை அடக்கிக்கொண்டு கிடந்தவன் எவ்வளவு நேரம்தான் அடக்குவான்? இழுத்தான். அதே வாசனைதான். கையைப் பார்த்தான், ஏறியது. சற்றைக்கெல்லாம் அவள் குறட்டை விட ஆரம்பித்தாள்.

சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. எங்கோ ஒரு வீட்டில் பெட்டி வேண்டுமாம். இடது கையால் எடுத்து, "வாரேண்ணே, கொஞ்சம் பொறுங்க" என்று கிசுகிசுத்தான். வலது கை இருந்த இடத்திலேயே ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.